மேசையிலிருந்து எடுத்து வைத்த வானொலி: சாட்ஸ்வொர்த் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்தது

எதற்காக எழுதுகிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் பகல்நேரச் செயல்பாடுகளைக் கவனிப்பது என் வேலை. பாட்டு, கோலம், பூக்கட்டுதல், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப்பயிற்சி, பிறந்தநாள் கேக் எல்லாம் என் பொறுப்பு. 2022 ஆகஸ்டில் நல்ல எண்ணத்தோடு நாங்கள் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். அது 84 வயதான ஒரு பாட்டியை ஏழு வாரம் நிலைகுலைய வைத்தது. காரணம் எங்கள் கண்முன்னால்தான் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற மற்றவர்களுக்கு இது பயன்படலாம்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யாரென்று தெரியாமல் இருக்க நிகழ்ச்சியின் கிழமை, நேரம், அறிவிப்பாளர் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரை ஆயா என்றே குறிப்பிடுகிறேன். இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பின்னணி: ஊரும் வானொலியும்

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்த மண்ணில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. நான் குடியாத்தத்துப் பெண். கணவரின் வேலைக்காக டர்பன் வந்த புதிதில், இங்குள்ள முதியவர்கள் “நம்ப வூடு”, “இன்னாம்மா” என்று பேசுவதைக் கேட்டு நின்றுவிட்டேன். என் பாட்டியின் பேச்சு அது. குடியாத்தத்திலேயே இன்று அவ்வளவு சுத்தமாகக் கேட்பதில்லை.

ஆயா பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் அவை. தமிழரும் தெலுங்கரும் அங்கே அதிகம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் 1950-இல் வந்தது. 1960-களில் அங்கிருந்தவர்களையெல்லாம் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்கள். ஆயா கைக்குழந்தையோடு வந்தார்.

வானொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி 1983 ஜனவரியில் இந்திய வம்சாவளியினருக்காக ரேடியோ லோட்டஸ் என்ற நிலையத்தைத் தொடங்கியது. அதுதான் இன்றைய லோட்டஸ் எஃப்எம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசும் நிலையம். தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது மொழிகளுக்குத் தனித்தனியே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, தமிழ் இங்கே அளந்து ஊற்றியதுபோலத்தான் கிடைக்கும். பேரப்பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். கோயிலில் தேவாரம் கேட்கலாம். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி, ஒருவர் தமிழில் “வணக்கம், எப்படி இருக்கீங்க?” என்று கேட்பது வானொலியில்தான். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனம், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த வரி ஆயாவுக்குத் தெரியாது. எத்தனை மணிக்குத் தமிழ் வரும் என்பது தெரியும்.

இந்த நேயர்களின் பற்று எவ்வளவு ஆழமானது என்பது 2016-இல் வெளியே தெரிந்தது. எஸ்ஏபிசி நிலையங்கள் எல்லாம் 90 சதவீதம் உள்நாட்டு இசையைத்தான் ஒலிபரப்ப வேண்டும் என்று அந்த ஆண்டு மே மாதம் ஒரு விதி வந்தது. இந்தியத் திரைப்பாடல்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த ஆண்டு அந்த விதி கைவிடப்பட்டது. அப்போது ஆயா இன்னும் இல்லத்தில் சேரவில்லை, மகன் வீட்டில் இருந்தார். பாட்டு மாறினாலும் வானொலியை அணைக்கவில்லை என்று மகன் சொன்னார். “பாட்டு வராட்டி இன்னா, ஆளு பேசறாரே” என்றாராம். இந்த வரியை நான் முன்பே கேட்டிருந்தால் ஏழு வாரம் வீணாகியிருக்காது.

ஆயாவும் அவருடைய பெட்டியும்

2019-இல் இல்லத்துக்கு வந்தபோது ஆயா கொண்டுவந்தவை இரண்டு பெட்டித் துணி, ஒரு மாரியம்மன் படம், ஒரு பழைய ரேடியோ கேசட் பெட்டி. கேசட் போடும் மூடி உடைந்து, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஏரியலின் மேல் துண்டு முறிந்திருந்ததால் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, அதன் நுனியை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார் மகன். அலைவரிசைக் கண்ணாடியின் இடது ஓரத்தில், லோட்டஸ் எஃப்எம் வரும் 87.7-இன் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. கண் மங்கத் தொடங்கியதும் பேத்தி வைத்துக்கொடுத்தது. அந்தப் புள்ளியை விட்டு முள் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

பெட்டி இருந்தது பொது அறையில், கிழக்கு ஜன்னலை ஒட்டிய சின்ன மேசையில். தன் அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அங்கே சரியாக எடுக்கவில்லை. சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, நடுவில் ஒரு குன்று நின்றால் இரைச்சல்தான். ஆயாவின் அறை கட்டடத்தின் பின்புறம் மலைச்சரிவைப் பார்த்தபடி இருந்தது.

ஞாயிறு காலைத் தமிழ் நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் ஆயா குளித்து, பொட்டு வைத்து, அந்த மேசைக்கு வந்துவிடுவார். ரேடியோ முன்னால் ஒரு டம்ளர் தேநீர். கையில் ஏதாவது வேலை இருக்கும், அவரைக்காய் உரிப்பது, கொத்தமல்லி ஆய்வது என்று. அறிவிப்பாளர் வணக்கம் சொன்னால் இவரும் “வணக்கம்பா” என்பார். யாராவது நேயர் வேண்டிக் கேட்ட பாட்டு வந்தால், “பீனிக்ஸ்ல இருந்து கேக்கறாங்க, புள்ளைக்குப் பொறந்த நாளாம்” என்று பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வார். பீனிக்ஸ் டர்பனை ஒட்டிய இன்னொரு இந்தியக் குடியிருப்பு. நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடத்தில், டர்பனுக்கு வடக்கே டோங்காட் என்ற ஊரில் இருக்கும் தங்கையிடமிருந்து தொலைபேசி வரும்.

இதையெல்லாம் மூன்று வருடம் பார்த்தேன். வயதானவர்களின் வழக்கமான பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

மாற்றம்

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பொது அறைக்கு வண்ணம் பூசினோம். ஒரு நன்கொடையாளர் 55 அங்குல டிவி கொடுத்தார், ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றும் வந்தது. நிர்வாகி ரேடியோவை எடுத்துச் சாமான் அறையில் வைத்தார். அவருடைய காரணங்கள் நியாயமானவை. தரையில் ஓடிய மின்கம்பியில் கால் தடுக்கி யாராவது விழலாம். பேட்டரி வைக்கும் இடத்தில் கசிந்து பச்சை பிடித்திருந்தது. செம்புக் கம்பியின் நுனி கூர்மையாக இருந்தது. வயதானவர்கள் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் கேட்கிற ஐந்தாறு பேருக்கு என்ன செய்வது என்ற கேள்வி என்னிடம் வந்தது. டிவியில் இணையம் வழியாகத் தமிழ்ப் பாட்டும் தொடரும் நாள் முழுக்கக் கிடைக்குமே என்றேன். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் வந்ததற்குப் பதிலாக இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ்! ஆயா சந்தோஷப்படுவார் என்று மனதார நம்பினேன். அவரிடம் கேட்கவில்லை.

முதல் ஐந்து வாரம்: கண்டவை

முதல் ஞாயிறு ஆயா வழக்கம்போலக் குளித்து வந்தார். மேசையில் பூச்சாடி இருந்தது. “பொட்டி எங்கே?” என்றார். டிவியைக் காட்டி, பழைய பாட்டு போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லாருக்கும்மா” என்று எழுந்து அறைக்குப் போனார்.

அந்த “நல்லாருக்கும்மா”வை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பணிப்பதிவேட்டில் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் வாரம் முதல் காலை உணவு பாதி மிச்சம். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. ஞாயிறு குளிக்க மறுப்பு. நான்காம் வாரம் ஒரு பணியாளரிடம் கோபப்பட்டார். அதற்கு முன் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் 53 கிலோ இருந்த எடை செப்டம்பர் கடைசியில் 49.5.

என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்தது. இங்கே தமிழர்கள் புரட்டாசியைப் பிடிப்பதுபோல் தமிழ்நாட்டிலும் பலர் பிடிப்பதில்லை. மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை விரதம், வாழையிலை, கோவிந்தா. ஆயா ஒரு சனியும் தவறவிட்டவரில்லை. அந்த முதல் சனிக்கிழமை எந்த ஏற்பாடும் கேட்காமல் படுத்திருந்தார். மறுநாள் ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டு, “இன்னிக்குச் சனிதானே? தளிகை போடணும்” என்றார்.

கிழமை தப்பினால் நாங்கள் மறதிநோயை நினைப்போம். வருகை மருத்துவரிடம் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. முதியவர்களுக்குத் திடீரென்று குழப்பம் வந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பார்த்தார், இல்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, இரத்த அழுத்த மாத்திரை மாறியிருக்கிறதா என்று பார்த்தார், அதுவும் இல்லை. நினைவாற்றல் கேள்விகளில் கிழமை, தேதி தவிர மற்றவற்றுக்கு ஆயா நன்றாகவே பதில் சொன்னார். மனச்சோர்வாக இருக்கலாம், இரண்டு வாரம் பார்த்துவிட்டு மாத்திரை தொடங்கலாம் என்று மருத்துவர் எழுதி வைத்தார். அந்த இரண்டு வாரம் கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

காரணம் தெரிந்த நாள்

கண்டுபிடித்தது நான் இல்லை. எங்களோடு வேலை பார்க்கும் ஒரு ஜூலு இனப் பெண். இரவுப் பணியில் இருப்பவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பணி மாறும் நேரத்தில் ஆயாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ரேடியோ எங்கே போனது என்று சாதாரணமாகக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

அவருடைய அம்மா கிராமத்தில் உகோஸி எஃப்எம் கேட்பவராம். 1960-இல் தொடங்கிய ஜூலு மொழி நிலையம் அது. நாட்டிலேயே அதிக நேயர்களைக் கொண்டது. டர்பனிலிருந்துதான் ஒலிபரப்பாகிறது. அம்மாவின் ரேடியோ பழுதான வாரம், பக்கத்து வீட்டில் துக்கம் விழுந்ததுபோல் அம்மா உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். பாட்டைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தாராம். அம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதில் யாரும் எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை என்றாராம்.

நான் நேராக வரவேற்பறைக்குப் போய்த் தொலைபேசிப் பதிவேட்டை எடுத்தேன். டோங்காட் தங்கை ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டிருக்கிறார். ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறிலிருந்து ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே ஒரே குறிப்பு: “தூங்குகிறார், பிறகு பேசுவதாகச் சொன்னார்.” எழுதியவர் வாரத்துக்கு ஒருவர். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆயாவின் அறைக்குப் போனேன். தங்கச்சி ஃபோன் பண்ணும்போது ஏன் பேசறதில்லை ஆயா என்று கேட்டேன். வெகுநேரம் சுவரைப் பார்த்திருந்தார். அப்புறம் சொன்னார்:

“அவ ‘கேட்டியாக்கா?’ன்னு கேப்பா. நான் இன்னான்னு சொல்றது? கேக்கலன்னு சொன்னா எனக்கு ஒடம்பு முடியலன்னு நெனச்சுக்குவா. கேட்டேன்னு பொய் சொல்லணும். இந்த வயசுல எதுக்கும்மா பொய்?”

ரேடியோ வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை என்றேன். “அடுத்தவங்க எடம். எடுத்துட்டீங்க. சரின்னு இருந்துட்டேன்” என்றார்.

மேகசின் பேரக்ஸிலிருந்து அவர் குடும்பத்தைப் பெயர்த்தபோதும் யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் அந்த ஒரு சொல், “எடுத்துட்டீங்க”, அன்று முழுக்க என் காதில் இருந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

மருத்துவரிடம் சொல்லி மாத்திரையைத் தள்ளிவைத்தோம். அடுத்தது ரேடியோ.

எடுத்த எடுப்பில் நான் செய்தது மறுபடியும் தவறுதான். நிலையம் இணையத்திலும் வருகிறது என்பதால், ப்ளூடூத் ஸ்பீக்கரில் கைப்பேசி வழியாகப் போட்டேன். ஒலி தெளிவு, இரைச்சல் இல்லை, கம்பியும் இல்லை. ஆயா கேட்டார், முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அப்போதே தங்கையைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தேன், இருவரும் சேர்ந்து கேட்கட்டும் என்று. அங்கேதான் சிக்கல். டோங்காட்டில் பாட்டு தொடங்கி முதல் அடி முடிகிற நேரத்தில் இங்கே அறிவிப்பாளர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். இணையத்தில் வரும் ஒலியைக் கைப்பேசி கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும், அதனால் அரை நிமிடம் வரை பின்தங்கும். தங்கை அங்கே பாடுகிறார், இவருக்கு இங்கே பாட்டே வரவில்லை. “எனக்குப் பழசைப் போடறீங்க” என்றார் ஆயா. நேரலைதான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவருடைய கணக்கில் அவர் சொன்னது சரி.

அதோடு 2022 மின்வெட்டின் ஆண்டு. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, தடவைக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ மின்சாரம் போகும். மின்வெட்டு நீண்டால் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கிவிடும், இணையம் செத்துப்போகும். பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கு அந்தக் கவலை இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போதும் 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போதும் எங்கள் இல்லத்துக்குச் செய்தி சொன்னது ஆயாவின் அந்தப் பெட்டிதான். அதைச் சாமான் அறையில் வைக்கும்போது எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

ஆகவே பழைய பெட்டியையே மீட்பது என்று முடிவு செய்தோம். புதிது வாங்கித்தருகிறேன் என்றார் நன்கொடையாளர். வேண்டாம் என்றேன். எண்திரை வைத்த புதுப் பெட்டியில் அந்தச் சிவப்புப் புள்ளி இருக்காது, ஆயா தானே திருப்பி வைக்க முடியாது. இல்லத்தின் பராமரிப்புக்காரர் பேட்டரி முனைகளிலிருந்த பச்சையை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். செம்புக் கம்பியின் நுனியை மடக்கி டேப் சுற்றினார். மின்கம்பியைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரோரம் ஓட்டினார். மொத்த வேலையும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நிர்வாகியின் மூன்று ஆட்சேபணைகளும் அதோடு தீர்ந்தன. ஆகஸ்டிலேயே செய்திருக்கலாம்.

இடத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. பொது அறையில் டிவி பார்ப்பவர்களுக்குத் தொந்தரவு, காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிடலாம் என்றது ஒரு தரப்பு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்தி பேசும் ஒரு அம்மாவும் குஜராத்திப் பாட்டியும் டிவி வந்ததில் உண்மையாகவே மகிழ்ந்திருந்தார்கள். ஹெட்ஃபோனை ஆயாவிடம் காட்டினேன். “எனக்கு மட்டும் கேட்டு இன்னா பண்றது?” என்றார். ஞாயிறு காலை அந்த ஒரு நிகழ்ச்சி நேரத்துக்கு டிவியின் ஒலியை அடைப்பது, மற்ற நேரமெல்லாம் டிவிக்கு என்று பேசி முடித்தோம். இந்தி அம்மாவே ஒப்புக்கொண்டார். தன்னுடைய இந்தி நேரத்துக்கும் அதே ஏற்பாடு வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்து நடந்தது

அக்டோபர் முதல் ஞாயிறு பெட்டி மேசைக்குத் திரும்பியது. ஆயா முதலில் அதைத் தொட்டுத் தடவினார், டேப் சுற்றிய இடத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்து ஏழாவது நிமிடம் தொலைபேசி அடித்தது. வரவேற்பறை வரை தானே நடந்து போனார். நான் கேட்கக் கூடாதுதான், கேட்டேன்: “கேட்டேன்டி. அந்தப் பாட்டு நம்ப அப்பாவுக்குப் புடிச்சதாச்சே.” நாற்பது நிமிடம் பேசினார்கள். ஏழு வாரத்துச் சேதி அத்தனையும் இருந்தது.

எல்லாம் மறுநாளே சரியாகிவிடவில்லை. சாப்பாடு இரண்டு வாரத்தில் திரும்பியது. புரட்டாசியின் மிச்சச் சனிக்கிழமைகளை முறையாகப் பிடித்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் கிழமை கேட்டபோது சரியாகச் சொன்னார். இரவுத் தூக்கம் மட்டும் பழையபடி ஆகவில்லை. இன்றும் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறார். ஜனவரியில் எடை 52. கிழமை மறந்தது நோயின் தொடக்கமா, ரேடியோ இல்லாததாலா என்று நாங்கள் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்.

2023 மார்ச்சில் இரண்டாவது சோதனை வந்தது. அந்த ஞாயிறு நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் விடைபெறப் போவதாக அறிவித்தார். தலை நரைத்த மனிதர். ஆயாவுக்கு அவர் “நம்ப பையன்”. அவருடைய முதல் நிகழ்ச்சியிலிருந்து கேட்டவர். அவருக்குக் கல்யாணமானது, தாயார் போனது, ஒருமுறை தொண்டை கட்டிப் பேச முடியாமல் போனது எல்லாம் ஆயாவுக்கு மனப்பாடம். நேரில் பார்த்ததே இல்லை.

இந்த முறை நாங்கள் காத்திருக்கவில்லை. கடைசி நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே ஆயாவோடு உட்கார்ந்து பேசினேன். என்ன செய்யலாம் என்று நாங்கள் யோசித்துச் சொல்வதைவிட அவரையே கேட்டோம். ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கே வரிதான். “உன் குரலைக் கேட்டு என் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கினேன், பேரனுக்குச் சோறு ஆக்கினேன்” என்பது அதில் ஒன்று. நிலையத்துக்கு அனுப்பினோம். கடைசி நிகழ்ச்சியில் எத்தனையோ பேரின் செய்திகளோடு ஆயாவின் இரண்டு வரியும் வாசிக்கப்பட்டது. ஆயா அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். டோங்காட்டிலிருந்து வந்த தொலைபேசியில் அழுதது தங்கைதான்.

அடுத்த ஞாயிறு புதிய குரல், இளம்பெண். ஆயா கேட்பாரா, எழுந்து போய்விடுவாரா என்று எங்களுக்கெல்லாம் பதைப்பு. முழுக்கக் கேட்டார். “மூச்சு வுடாம பேசறா” என்றார் முதல் வாரம். மூன்றாம் வாரம், “தமிழ் கொஞ்சம் தடுக்குது, வந்துடும்.” ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் ஊர்ப்பெயர் ஒன்றைத் தப்பாக உச்சரித்தபோது ரேடியோவைப் பார்த்து மெதுவாகத் திருத்தினார். அப்போதுதான் எனக்கு நிம்மதி. அந்தப் பெண்ணையும் வளர்க்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது.

ஏன் இந்த இழப்பு அவரைச் சாய்க்கவில்லை என்று பின்னால் யோசித்தேன். குரல் மாறியது, ஆனால் மேசையும் நேரமும் தங்கையின் தொலைபேசியும் மாறவில்லை. போனவர் சொல்லிக்கொண்டு போனார், ஆயாவும் பதில் சொல்லி அனுப்பினார். ஆகஸ்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த அறிவிப்பாளர் தன் நிகழ்ச்சியிலேயே பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆயாவுக்குத்தான் அது எட்டவில்லை.

இன்று செய்வதானால்

மூன்றை மாற்றுவேன். பொது அறையில் எதையும் நகர்த்துவதற்கு முன், அது யாருடையது, எப்போது பயன்படுகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்ப்பேன். தொலைபேசிப் பதிவேட்டை உணவுப் பதிவேட்டோடு சேர்த்து வாராவாரம் ஒருவரே படிக்க வேண்டும். ஒரே ஆள் படித்திருந்தால் மூன்றாம் வாரமே பிடித்திருப்போம். “நல்லாருக்கும்மா” என்பதைப் பதிலாக எழுதிக்கொள்ள மாட்டேன். இந்தத் தலைமுறைப் பெண்கள் மறுப்பதற்கும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

எதிலும் ஒரே மருந்து எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்திலேயே ஆயா வயதுடைய இன்னொரு தமிழ்ப் பாட்டி இருக்கிறார். ரேடியோ அவருக்கு வெறும் சத்தம், டிவி தொடர்தான் உயிர். ஒருவருக்கு எது என்று கேட்டால்தான் தெரியும்.

இப்போது புதிதாகச் சேர்பவர்களின் படிவத்தில் உணவு, மருந்து, சாமி வரிசைக்குக் கீழே ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: எந்த வானொலி, எந்த நேரம், இன்னும் யார் அதைக் கேட்கிறார்கள்? மூன்றாவது பகுதியைக் குடும்பத்தார் பெரும்பாலும் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதைப் பெரியவர்களிடம் நேராகக் கேட்டு நானே நிரப்புகிறேன். ஆயாவின் பெட்டிக்குப் பெரிய பேட்டரி ஆறு வேண்டும். மாதத் தொடக்கத்தில் மாற்றுகிற பொறுப்பு அந்த ஜூலுத் தோழியுடையது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.